'மிஸ்': ஒரு சிறு சொல்லின் பல முகங்கள்



கடந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு இக்கட்டுரையை ஆரம்பிக்கின்றேன். என் வாப்பா கட்டாரில் சாரதியாக வேலை செய்கிறார். நான்காம் தரத்தில் படிக்கும் என் தம்பி, உம்மாவின் கைபேசியை யாருக்கும் தெரியாமல் எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாப்பாவுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டான். மூன்றே சொற்கள்: "ஐ ஆம் மிஸ்ஸிங்." அனுப்பியவன் பிடிபடாமலிருக்க, சத்தத்தைக் குறைத்து, கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு மாமி தன் கைபேசியோடு ஓடி வந்தார். "உங்கட வாப்பாதான். உடனே பேசட்டாம்" என்று என்னிடம் நீட்டினார். வாப்பா ஸலாம் கூடச் சொல்லவில்லை. "மகள், தம்பி எங்க?" என்றுதான் கேட்டார். அவருடைய குரல் நடுங்கியது. "முற்றத்தில விளையாடுறான் வாப்பா" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் விடயம் தெரிந்தது. உம்மாவின் கைபேசியை எடுத்துப் பார்த்தோம். திரையில் "ஆறு மிஸ்ட் கோல்" என்றிருந்தது.

தம்பி சொல்ல நினைத்தது "ஐ ஆம் மிஸ்ஸிங் யூ" என்பது. கடைசியில் வரவேண்டிய "யூ" என்ற சிறு சொல் விடுபட்டுப் போனதால், "நான் காணாமற் போய்விட்டேன்" என்ற செய்தி கடல் கடந்து போய் ஒரு தகப்பனின் நெஞ்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் எங்கள் உம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு வாப்பாவத் தேடுது. அதத் தமிழ்ல சொல்லியிருந்தா இவ்வளவு இரிக்கா?" என்றார்.

அன்றிரவு நான் ஆங்கில அகராதியை எடுத்து 'மிஸ்' என்ற சொல்லைப் பார்த்தேன். நாளொன்றுக்கு எத்தனையோ தடவை நம் வாயில் வரும் சொல் அது. அதற்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆசிரியையான 'மிஸ்'

நாம் முதலில் படித்த 'மிஸ்' நம் வகுப்பாசிரியைதான். "மிஸ் வாறாங்க!" என்றால் வகுப்பே அமைதியாகும். நம் நாட்டில் ஆசிரியை மட்டுமா மிஸ்? வைத்தியசாலையில் தாதியும் மிஸ்தான். தடுப்பூசி போட வரும் குடும்பநல உத்தியோகத்தரும் மிஸ்தான். அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் பெண் உத்தியோகத்தரும் மிஸ்தான். அவர் திருமணமானவரா, பேரப்பிள்ளை கண்டவரா என்றெல்லாம் நாம் பார்ப்பதில்லை.

ஆனால் ஆங்கில முறைப்படி, பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று எழுதினால் அது திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும். நாம் தமிழில் 'செல்வி' என்று எழுதுவது அதையே. 'மிஸஸ்' என்றால் 'திருமதி'. அப்படியென்றால் நாம் ஆசிரியைகளை அழைப்பது பிழையா? பிழையில்லை. இங்கிலாந்துப் பாடசாலைகளிலும் திருமணமான ஆசிரியையை மாணவர்கள் 'மிஸ்' என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. பெயரோடு சேர்த்து எழுதும்போதுதான் அந்த வித்தியாசம் முக்கியமாகிறது.

இந்தச் சொல்லின் வரலாறும் சுவையானது. 'மிஸ்ட்ரஸ்' என்ற நீண்ட சொல்லின் சுருக்கமே 'மிஸ்'. 'மிஸஸ்' என்பதும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். மிஸ்ட்ரஸ் என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் மேலே போனால் லத்தீன் மொழியின் 'மஜிஸ்டர்' என்ற சொல்லில் போய் நிற்கும். 'மாஸ்டர்', 'மிஸ்டர்', நீதிமன்றத்திலுள்ள 'மஜிஸ்திரேட்' எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மஜிஸ்டர் என்பதற்குத் தலைவர் என்றும் ஆசிரியர் என்றும் பொருள். ஆகவே, நாம் ஆசிரியையை 'மிஸ்' என்று அழைக்கும்போது, நமக்குத் தெரியாமலே அந்தச் சொல்லை அதன் பழைய வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போகிறோம்.

இன்னொரு கேள்வி எழலாம். ஆண்கள் திருமணத்துக்கு முன்னும் பின்னும் 'மிஸ்டர்' ஆகவே இருக்கிறார்கள். பெண்ணுக்கு மட்டும் ஏன் இரண்டு? இந்தக் கேள்வியை ஆங்கிலம் பேசுவோரும் கேட்டார்கள். 1901 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலப் பத்திரிகை ஒன்றில், இரு சாராருக்கும் பொதுவாக எம், எஸ் என்ற இரண்டே எழுத்துக்களை எழுதலாம் என்று ஒரு யோசனை வெளிவந்தது. உச்சரிப்பில் கடைசி ஒலி சற்று அதிரும். அந்த யோசனை பரவ நீண்ட காலம் எடுத்தது. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 1986 இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. இன்று விண்ணப்பப் படிவங்களில் அதுவும் ஒரு தெரிவாக இருக்கிறது.

தவறிய 'மிஸ்'

இதுவரை பார்த்தது பெயர்ச்சொல். இனி வினைச்சொல்லுக்கு வருவோம். ஒலி ஒன்றானாலும் இது வேறு குடும்பம். இதன் வேர் லத்தீனில் இல்லை. ஆங்கிலத்தின் சொந்த வேரிலேயே, பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. குறி தவறுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். எறிந்த கல் மாங்காயில் படவில்லை என்றால் அது 'மிஸ்'. 'மிஸ்டேக்' என்ற சொல்லின் முன்பாதியும் இதற்கு உறவுதான். ஆனால் 'மிஷன்', 'டிஸ்மிஸ்' என்பவற்றில் வரும் 'மிஸ்' இதற்கு உறவில்லை. அவை அனுப்புதல் என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினையிலிருந்து வந்தவை.

குறி தவறியதிலிருந்து பொருள் மெல்ல மெல்ல விரிந்தது. பஸ் தவறினால் மிஸ். பாடம் தவறினால் மிஸ். பகிடியின் பொருள் விளங்காவிட்டால் அதுவும் மிஸ். இங்கே நம் மாணவியர் பலர் விடும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நாம் பேச்சில் "பஸ்ஸ விட்டுட்டன்" என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி "ஐ லெஃப்ட் த பஸ்" என்று எழுதினால், பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனேன் என்றாகிவிடும். பஸ்ஸைப் பிடிக்கவில்லை என்பதற்கு "ஐ மிஸ்ட் த பஸ்" என்றே எழுத வேண்டும். நானும் பத்தாம் தரத்தில் இந்தப் பிழையை எழுதிச் சிவப்புக் கோடு வாங்கியவள்தான்.

வழி கேட்பவருக்கு "யூ கான்ட் மிஸ் இட்" என்று சொல்வார்கள். "உங்கள் கண்ணில் படாமல் போகாது" என்பது அதன் கருத்து. தவறவிடக் கூடாது என்ற கட்டளை என்று எடுத்துக்கொண்டால் பொருள் மாறிவிடும்.

பிழைத்த 'மிஸ்'

மிஸ் என்றாலே நட்டம் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. ஒரு வாகனம் வீதியைக் கடந்த பிள்ளையின் மேல் மோதாமல் மயிரிழையில் போனால், "த கார் ஜஸ்ட் மிஸ்ட் த சைல்ட்" என்பார்கள். குறி தவறியதால் ஓர் உயிர் பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய மிஸ் இது.

வாப்பா வேலை செய்யும் இடத்தில் 'நியர் மிஸ்' என்று ஒரு படிவம் இருக்கிறதாம். மேலிருந்து ஒரு கம்பி விழுந்து, கீழே நின்ற ஒருவர் மீதும் படாமல் போனாலும், அதை அந்தப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லத்தானே, ஏன் எழுதணும்?" என்று கேட்டேன். "இண்டைக்குத் தப்பினது நாளைக்குத் தப்பாது மகள். அதுக்குத்தான்" என்றார். நடக்காத விபத்துக்கும் ஒரு பெயர் வைத்து, அதிலிருந்து பாடம் படிப்பது நல்ல பழக்கம்தான். பரீட்சையில் ஒரு புள்ளியால் சித்தியடைந்தவர்களும் இந்தப் படிவத்தை மனதில் நிரப்பிக்கொள்வது நல்லது!

வேண்டுமென்றே செய்த 'மிஸ்'

'மிஸ்ட் கோல்' என்றால் எடுக்கத் தவறிய அழைப்பு. அழைத்தவர் பேச விரும்பினார், மற்றவர் எடுக்கவில்லை. ஆனால் நம்மவர்கள் இந்தச் சொல்லைத் தலைகீழாக்கிவிட்டார்கள். "மிஸ்கோல் அடி" என்கிறோம். அதாவது, எடுக்கவே கூடாது என்று எண்ணி எடுக்கும் அழைப்பு. தற்செயலாகத் தவறியது, வேண்டுமென்றே தவறவிடுவதாக மாறியது.

கைபேசியில் காசு குறைவாக இருந்தவர்களின் கண்டுபிடிப்பு இது. பாடசாலை வேன் வந்து விட்டது என்பதற்கு ஒரு மிஸ்கோல். "நான் வீடு வந்து சேர்ந்துட்டன்" என்பதற்கு ஒரு மிஸ்கோல். "நீங்க எடுங்க, என்னிடம் காசில்லை" என்பதற்கும் ஒரு மிஸ்கோல். ஒரு சதம் செலவில்லாமல் ஒரு வசனம் போய்ச் சேர்ந்துவிடும். உம்மா சொல்வார்: வாப்பா முதன்முதல் வெளிநாடு போன காலத்தில், இரவு பத்து மணிக்கு ஒரு மிஸ்கோல் வருமாம். அதற்குப் பொருள் "சுகமாக இருக்கிறேன், தூங்குங்கள்." அது வராத இரவில் உம்மா தூங்கமாட்டாராம். ஓர் அகராதியிலும் இந்தப் பொருள் இருக்காது. எங்கள் வீட்டு அகராதியில் இருக்கிறது.

காணாமற்போன 'மிஸ்'

'மிஸ்ஸிங்' என்ற வடிவத்தைச் சிறு வயதில் பயிற்சிப் புத்தகத்தில் கண்டோம். விடுபட்ட சொற்களை நிரப்புக என்ற பயிற்சி அது. கோடிட்ட இடத்தில் ஒரு சொல்லை எழுதினால் குறை தீர்ந்துவிடும். ஆனால் எல்லாக் கோடிட்ட இடங்களையும் அப்படி நிரப்ப முடியாது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. நம் நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோனது. கிழக்குக் கரையில் பிறந்த எனக்கு, அந்தக் கதையைக் கேட்காமல் வளர முடியவில்லை. இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என்று மூன்று பட்டியல்கள் எழுதினார்களாம். என் உம்மாவின் தங்கை, என் சாச்சி, மூன்றாவது பட்டியலில் இருக்கிறார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஜனாஸா கிடைக்கவில்லை. உம்மம்மா இன்றைக்கும் "மௌத்தாகிட்டா" என்று சொல்வதில்லை. "கிடைக்கல்ல" என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்' என்ற சொல்லும் இதைத்தான் செய்கிறது. உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு வைக்கிறது.

யுத்தத்தினால் இந்நிலைக்கு ஆளான குடும்பங்கள் நம் நாட்டில் எல்லா இனத்திலும் இருக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் இருப்பது 'மிஸ்ஸிங்' என்ற சொல்தான். ஆனால் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மார், தங்கள் பிள்ளைகளைக் 'காணாமற் போனவர்கள்' என்று சொல்வதில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்கிறார்கள். இலக்கணப் பாடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று படிக்கும்போது அது புள்ளிக்குரிய வினாவாக மட்டுமே எனக்குத் தெரிந்தது. 'போனார்' என்றால் தானாகப் போனார். 'ஆக்கப்பட்டார்' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு விகுதிக்குள் ஒரு தாயின் முழு வழக்கும் இருக்கலாம் என்பதை இப்போது விளங்கிக்கொள்கிறேன்.

அரபு மொழியிலும் இதற்குச் சொல் உண்டு. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை இஸ்லாமியச் சட்ட நூல்கள் 'மஃப்கூத்' என்று அழைக்கின்றன. அவருடைய சொத்தும் மனைவியின் நிலையும் என்னவாகும் என்று அறிஞர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சூரா யூசுபில் அரசரின் பாத்திரம் காணாமற்போன இடத்தில் வருவதும் அதே வேர்ச்சொல்தான். அதே சூராவில், மகன் யூசுபை நினைத்து நினைத்துக் கவலையால் கண்கள் வெளுத்துப்போன யஃகூப் நபியும் வருகிறார். காணாமற்போன பொருளும், காணாமற்போன பிள்ளையும் ஒரே அத்தியாயத்தில். பாத்திரத்தைச் சாக்குகளில் தேடினால் போதும். பிள்ளையைத் தேடும் தேடல் வேறு.

தேடுகின்ற 'மிஸ்'

இனித் தம்பி சொல்ல நினைத்த 'மிஸ்'ஸுக்கு வருவோம். "ஐ மிஸ் யூ" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "நான் உன்னைத் தவறவிடுகிறேன்" என்றால் சிரிப்பார்கள். "நீ இல்லாதது கவலையாக இருக்கிறது" என்றால் நீண்டுவிடும். ஆகையால் நாம் "மிஸ் பண்றன்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்று என் தோழியரும் நானும் முடிவு கட்டியிருந்தோம்.

மற்ற மொழிகள் இதை எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் "நீ எனக்குக் குறைவாக இருக்கிறாய்" என்ற மாதிரிச் சொல்கிறார்கள். அங்கே எழுவாய் 'நான்' இல்லை, 'நீ'. சிங்களத்தில் "ஓயா நெதுவ பாளுயி" என்பார்கள். நீயில்லாமல் வெறிச்சென்றிருக்கிறது என்று பொருள். அங்கே வெறுமையான இடம்தான் பேசுகிறது.

அப்போதுதான் உம்மம்மா அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. "புள்ளைக்கு வாப்பாவத் தேடுது." இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எந்த அகராதியில் இருக்கிறது? இதில் ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. "பிள்ளை வாப்பாவைத் தேடுகிறான்" என்றால் அவன் கண்ணால் தேடுகிறான். வீடு வீடாகப் போய்க் கேட்கிறான். "பிள்ளைக்கு வாப்பாவைத் தேடுது" என்றால் அவன் ஒன்றும் செய்யவில்லை. பசிக்குது, குளிருது என்பது போல, அது அவனுக்கு நேருகிறது. அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவனுக்குள் ஏதோவொன்று தேடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நான்காம் வேற்றுமை உருபு இதையெல்லாம் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலச் சொல் தவறுதலில் தொடங்கி ஏக்கத்தில் வந்து முடிந்தது. நம் சொல் தேடுதலில் தொடங்கி ஏக்கத்தில் வந்து முடிந்தது. நம்மிடம் சொல் இல்லாமலில்லை. அது நம் வீட்டு மூத்தவர்களின் வாயில் இருக்கிறது. நாம்தான் அதைப் புத்தகத்தில் இல்லாத தமிழ் என்று ஒதுக்கிவிட்டோம்.

ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொது ஆங்கிலத்தில் நல்ல சித்தி பெற வேண்டும் என்பது என் ஆசையும்தான். 'மிஸ்'ஸுக்குப் பின்னால் யாரை, எதை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொருள் தடம் புரளும். "ஐ மிஸ்ட் யூ அட் த வெடிங்" என்று ஒருவர் சொன்னால், கலியாணத்தில் உன்னைச் சந்திக்கக் கிடைக்கவில்லை என்பதா, நீ வராதது மனதுக்குக் குறையாக இருந்தது என்பதா என்று இடம் பார்த்துத்தான் விளங்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையில் இன்று பெரும்பாலும் சொற்கள் மட்டுமே போய் வருகின்றன. முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. ஆகவே சொல்லைச் சரியாக அனுப்ப வேண்டும். அது எந்த மொழியானாலும் சரி.

இப்போது தம்பிக்கு "ஐ மிஸ் யூ" என்று பிழையில்லாமல் எழுதத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் போன வெள்ளிக்கிழமை அவன் எழுதவில்லை. உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குரல்செய்தியாகப் பேசி அனுப்பினான்: "வாப்பா, எனக்கு உங்களத் தேடுது." கொஞ்ச நேரத்தில் கட்டாரிலிருந்து பதில் குரல் வந்தது.

"எனக்கும் தேடுது மகன்."

உம்மம்மா அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, எதுவும் பேசாமல், கடல் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.